சம்பளப் பேச்சுக்குப் போகும் முன்: மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொழிற்சங்கத் தலைவர்களுக்கு, மாவட்டப் பிரதிநிதிகளுக்கு, தோட்டத் தலைவர் தலைவிமாருக்கு,

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் சந்தா வெட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சந்தாவின் உரிமையில் எழுதுகிறேன். அடுத்த முறை நீங்கள் சம்பளப் பேச்சுக்காகக் கொழும்புக்கு இறங்கும்போது கையில் எடுத்துப் போகவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. எண்ணெயின் கணக்கு, டொலரின் கணக்கு, நமக்குப் பெயரும் சரியாக வாயில் வராத ஊர்களில் நடக்கும் யுத்தங்களின் கணக்கு. நீங்கள் மேடையில் பேசும்போதும் அறிக்கை விடும்போதும் இந்தக் கணக்கை நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்த மடல்.

2021 மார்ச்சில் நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கிடைத்தது. பட்டாசு கொளுத்தினோம். அன்றைக்கு ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் ரூபா என்பது ஐந்து டொலர். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் கீழே போயிற்று. யாரும் சம்பளத்தை வெட்டவில்லை, யாரும் கடிதம் தரவில்லை, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் யாரும் அறிவிக்கவும் இல்லை. ஒரு பேரின், அதாவது ஒரு நாள் வேலையின், பெறுமதி பாதிக்குக் கிட்ட கரைந்துவிட்டது. மூன்றரை வருடம் அந்த ஆயிரத்திலேயே வேலை செய்தோம். 1,700 என்று வர்த்தமானி வந்தது, தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின, கடைசியில் 2024 செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது. அன்றைய டொலர் வீதத்தில் அது நாலரை டொலர். சம்பளம் கூடியதென்று மாலை போட்டுக்கொண்ட அந்த நாளில், 2021இல் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் வாங்கினோம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550 என்றும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா தரும் என்றும் சொன்னார்கள். அரசாங்கத்தின் 200ஐத் தள்ளி வைத்தால், கம்பனி தரும் 1,550 அன்றைய வீதத்தில் மறுபடியும் அதே ஐந்து டொலர். ஐந்து வருடம் போராடி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

"நாம் ரூபாவில் வாங்கி ரூபாவில் செலவு செய்கிறோம், டொலரோடு நமக்கென்ன" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நம் அடுப்பைப் பாருங்கள். ரொட்டிக்கான கோதுமை வெளிநாட்டிலிருந்து வருகிறது. பருப்பு வருகிறது. பால்மா வருகிறது. மண்ணெண்ணெய் வருகிறது, 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெயை ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். 2021 முடிவில் 121 ரூபாவாக இருந்த டீசல் அடுத்த ஜூன் மாதக் கடைசியில் 460 ஆயிற்று. அந்த டீசலில்தான் டவுனுக்குப் போகும் பஸ் ஓடுகிறது, பிள்ளையின் பள்ளிக்கூட வேன் ஓடுகிறது, கடைக்கு அரிசி ஏறி வருகிறது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். நிலமிருக்கிறவன் மரவள்ளியை நட்டான். லயத்து வரிசை வீட்டு வாசலில் நமக்கு எத்தனை அடி நிலம் இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும்.

இதே காலத்தில் நம் தேயிலைக்கு என்ன நடந்தது? கொழும்பு ஏலத்தில் 2021இல் ஒரு கிலோ சராசரியாக 620 ரூபாவை ஒட்டிப் போனது. 2022இல் 1,270 ரூபாவை ஒட்டிப் போனது. இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்தது, உர விலை பல மடங்கானது, ஜெனரேட்டருக்கு டீசல் தேவைப்பட்டது, எல்லாம் உண்மை. கம்பனிகளின் செலவு கூடவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரூபா விழுந்ததால் விற்கிறவருக்கு வரும் ரூபா இரட்டிப்பானது, கொழுந்து பறிக்கிறவளுக்கு வரும் ரூபா அசையவில்லை. விழுந்த நாணயம் ஒருவருக்கு இலாபமாகவும் இன்னொருவருக்குப் பட்டினியாகவும் மாறிய இடம் அது. அந்த மூன்றரை வருடத்தில் ஏலவிலையை உங்களில் எத்தனை பேர் பேச்சு மேசையில் எடுத்து வைத்தீர்கள்?

இனி ஈரான் கதைக்கு வருகிறேன். இதை நீங்கள் முழுதாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் வல்லரசுகளின் சண்டைக்குள் தேயிலை நேரடியாகப் போய்ச் சேர்ந்த கதை இது.

சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி அமைந்தது. 2012 வரை இலங்கை வாங்கிய மசகு எண்ணெயில் மிகப் பெரும் பகுதி ஈரானிலிருந்து வந்தது. அந்த வருடம் அமெரிக்கா ஈரானின் எண்ணெய் வியாபாரத்தின் மீதும் அதன் மத்திய வங்கியின் மீதும் தடைகளை இறுக்கியது. நாம் எண்ணெயை வாங்கியிருந்தோம், காசு கொடுக்க வழி அடைபட்டது. கொழும்பிலுள்ள வங்கி தெஹ்ரானிலுள்ள வங்கிக்குப் பணம் அனுப்புவதை வாஷிங்டன் எப்படித் தடுக்க முடியும் என்று கேட்பீர்கள். உலக வியாபாரத்தின் பெரும்பகுதி டொலரில் நடக்கிறது. டொலரில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் நியூயோர்க்கிலுள்ள ஒரு வங்கியின் கணக்கைத் தொட்டுத்தான் முடிகிறது. அந்த வாசலில் அமெரிக்கச் சட்டம் நிற்கிறது. தடையை மீறிய பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி 2014இல் கிட்டத்தட்ட 9 பில்லியன் டொலர் அபராதம் கட்டியது. பிரான்சின் பெரிய வங்கிக்கே அந்தக் கதி என்றால் கொழும்பு வங்கிகள் எப்படித் துணியும்?

இப்படித் தேங்கிய கடன் சுமார் 251 மில்லியன் டொலர். 2021 டிசம்பரில் இலங்கையும் ஈரானும் ஓர் உடன்பாடு செய்தன: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அந்தக் கடனைக் கழிப்பது. தேயிலை உணவுப் பொருள், தடைப்பட்டியலிலுள்ள வங்கிகளையும் தொடமாட்டோம், எனவே தடையை மீறவில்லை என்று அரசாங்கம் விளக்கியது. ஈரான் இறக்குமதியாளர் தன் நாட்டு நாணயத்தில் தன் நாட்டிலேயே பணம் கட்டுவார். இங்கே ஏற்றுமதியாளருக்கு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாவில் கொடுக்கும். டொலர் கடலைத் தாண்டவே தாண்டாது. பொருளாதாரம் நொறுங்கியதால் ஏற்றுமதி 2023இல்தான் தொடங்கியது. 2024 தொடக்கத்தில் ஏறத்தாழ 20 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை போயிருந்ததாக அறிவித்தார்கள்.

நான் உட்கார்ந்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ தேயிலைக்கு ஐந்து டொலர் என்று தாராளமாக வைத்தாலும் அந்தக் கடனுக்கு ஐந்து கோடி கிலோ தேவை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து என்றால் இருபத்திரண்டரைக் கோடி கிலோ கொழுந்து. ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ என்று பிரித்தால் ஒன்றேகால் கோடி பேர். ஒன்றேகால் கோடி நாள் உழைப்பு, பத்து வருடத்துக்கு முன் யாரோ எரித்து முடித்த எண்ணெய்க்காக. ஈரான் விரும்பி வாங்குவது பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த உழைப்பில் பெரும்பகுதி தென்னிலங்கைச் சிறு தோட்டக்காரர்களுடையது. அதனால் இந்தக் கணக்கு நம்முடையதல்ல என்று ஆகிவிடாது. அவர்களும் நாமும் ஒரே ஏலத்துக்குத்தான் கொழுந்து கொடுக்கிறோம். நாட்டின் கடனைத் தேயிலையால் தீர்ப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. டொலர் இல்லாமலும் வியாபாரம் நடக்கும் என்று அது காட்டியது நல்லதுதான். என் மனக்குறை வேறு. அந்த உடன்பாடு பேசப்பட்டபோது அமைச்சு இருந்தது, தேயிலைச் சபை இருந்தது, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இருந்தது. பறிக்கிறவர்களின் சார்பில் ஒரு கேள்விகூட எழும்பியதாக நான் கேட்டதில்லை. எத்தனை கிலோ போனது, என்ன விலைக்குப் போனது, எவ்வளவு கடன் மிச்சம் என்று கேட்கவேண்டியவர்கள் நீங்கள்.

வல்லரசுகளின் அழுத்தத்துக்குள் நாம் அகப்பட்டது இது முதல் தடவையும் அல்ல. 1952இல் கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறி இலங்கை சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கியது. அறுபதுகளின் தொடக்கத்தில் அரசு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை எடுத்தது. நட்டஈட்டுத் தகராறில் 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 2017 டிசம்பரில் நடந்ததை நீங்களே கண்டீர்கள். அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை தயாரானது. அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடு ரஷ்யா. தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது. சில நாளில் தேயிலைத் தடையும் நீங்கியது. நம் தோட்டங்களிலும் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே குழந்தைகள் தூங்குகிறார்கள். அவர்களுடைய நுரையீரல் தேயிலையோடு சேர்த்துப் பேரம் பேசப்பட்டது. அமெரிக்கா மட்டும்தான் அழுத்தும் என்று நினைக்கவேண்டாம். வாங்குகிற கை எதுவானாலும் அழுத்தும்.

1973ஐ உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1971 ஓகஸ்ட் 15ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், டொலரைக் கொடுத்தால் தங்கம் தருவோம் என்ற வாக்கை முறித்தார். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம் மூண்டது. பீப்பாய்க்கு 3 டொலரை ஒட்டியிருந்த எண்ணெய் சில மாதத்தில் 12 டொலரை எட்டியது. அடுத்த வருடம் சவூதி அரேபியா, எண்ணெய் விற்ற டொலரை அமெரிக்கக் கடன் பத்திரங்களில் போட ஒத்துக்கொண்டது. தங்கத்தை இழந்த டொலருக்கு எண்ணெய் முண்டுகொடுத்தது. அங்கே பணக்காரர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இங்கே என்ன நடந்தது? வெளிநாட்டு அரிசி, மா, சீனி, எண்ணெய் எல்லாவற்றின் விலையும் ஏறி, கையில் செலாவணி இல்லாமல், அரசாங்கம் கூப்பன் அரிசியை வெட்டியது. வயல் இல்லாத, கூப்பனையே நம்பியிருந்த தோட்டத்து மக்கள் பட்டினியால் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தார்கள். அங்கே போனவர்களின் பிள்ளைகள் பின்னால் இன்னொரு யுத்தத்துக்குள் அகப்பட்டார்கள். அந்தப் பஞ்சத்துக்கு எண்ணெய் மட்டும் காரணமல்ல. சம்பளமும் நிலமும் குடியுரிமையும் மறுக்கப்பட்ட மக்கள் மீது அந்த விலையேற்றம் வந்து விழுந்ததுதான் காரணம். ஐம்பது வருடத்துக்குப் பிறகு 2022இல் அதே வழியாக, அதே மக்கள் மீது மறுபடி விழுந்தது. இரண்டு தடவைக்கும் நடுவே குடியுரிமை கிடைத்திருக்கிறது. சம்பளத்துக்குக் காப்பு கிடைக்கவில்லை.

நம் தேயிலையை வாங்குகிற நாடுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம், ஈரான், லிபியா, சிரியா. யுத்தமும் தடையும் எண்ணெயும் நடமாடும் நாடுகள்தான் இவற்றில் அதிகம். எண்ணெய் விலை ஏறினால் அவர்கள் கையில் தேயிலை வாங்கக் காசு இருக்கும், நமக்கு டீசல் வாங்கக் காசு இருக்காது. எண்ணெய் விழுந்தால் நமக்கு மூச்சு வரும், ஏலம் படுக்கும். 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் ஐக்கிய நாடுகளின் தடை வந்து அந்தச் சந்தை அடைபட்டது. குவைத்தில் வேலை செய்த பல்லாயிரம் இலங்கையர் கையில் துணி மூட்டையோடு திரும்பினார்கள். 2022இல் உக்ரேன் யுத்தத்தோடு ரஷ்ய வங்கிகள் பலவற்றை, வங்கிகள் தகவல் பரிமாறும் சுவிஃப்ட் வலையிலிருந்து வெட்டினார்கள், ரஷ்யாவின் ஏறத்தாழ 300 பில்லியன் டொலர் வெளிநாட்டு இருப்பை முடக்கினார்கள். அதற்குப் பிறகு ரஷ்யாவும் சீனாவும் தங்கள் வியாபாரத்தைப் பெருமளவு யுவானுக்கும் ரூபிளுக்கும் மாற்றிக்கொண்டன. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, சூயஸ் வழியாகப் போகவேண்டிய சரக்குகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. 2024இல் உலகின் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போனது. அங்கே ஒரு குண்டு விழுந்தால் தலவாக்கலையில் பஸ் கட்டணம் கூடும்.

அந்தக் கடலுக்கு அப்பால் நம் பெண்கள் இருக்கிறார்கள். சவூதி, குவைத், லெபனான் என்று வீட்டு வேலைக்குப் போன பெண் இல்லாத லயத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். 2024இல் வெளிநாட்டு வேலையாட்கள் இலங்கைக்கு அனுப்பியது 6.5 பில்லியன் டொலருக்கு மேல். தேயிலை ஏற்றுமதி 1.4 பில்லியனை ஒட்டி. நாட்டின் டொலர் வருமானத்தில் தேயிலையில் ஒரு கை, எண்ணெய் நாடுகளின் சமையலறையில் இன்னொரு கை என்று இரண்டிலும் நம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் டொலரைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் அல்ல.

இப்போது இந்தத் தீவையே வல்லரசுகள் எண்ணெய்க் கண்ணோடு பார்க்கின்றன. திருகோணமலையில் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் இந்தியாவுக்குப் பங்கு. அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டொலரில் சுத்திகரிப்பு நிலையம் கட்ட 2025 ஜனவரியில் சீனாவின் சினோபெக்கோடு உடன்பாடு. உமா ஓயா நீர்மின் திட்டத்தைக் கட்டியது ஈரான்; பணம் தருவதாகச் சொன்ன ஈரானுக்குத் தடை குறுக்கே வந்ததால் மிச்சச் செலவை இலங்கையே போட்டது. 2022இல் எரிபொருள் வாங்க இந்தியா 500 மில்லியன் டொலர் கடன் வசதி தந்ததால்தான் நாடு ஓரளவு ஓடியது; அந்த நன்றியை மறக்கத் தேவையில்லை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து பத்தாயிரம் வீடுகளை அறிவித்ததையும் மறக்கத் தேவையில்லை. ஆனால் தூதுவர்கள் வரும்போதெல்லாம் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறீர்களே, அது மனதை வருத்துகிறது. அவர்கள் தங்கள் நாட்டின் தேவையைச் சொல்லத்தான் வருகிறார்கள். நீங்களும் நம் தேவையை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

"ஈரானையும் அமெரிக்காவையும் நம்மால் என்ன செய்ய முடியும், முதலில் லயத்துக் கூரை ஒழுகுவதை நிறுத்துவோம்" என்று சொல்கிறவர்களின் வார்த்தையில் நியாயம் இருக்கிறது. யுத்தத்தை நம்மால் நிறுத்த முடியாது. டொலரின் விலையை நம்மால் தீர்மானிக்க முடியாது. அது வந்து விழும்போது யார் தலையில் விழுகிறது என்பதை மட்டும் பேச முடியும். அது சம்பள மேசையில் பேசப்படுகிற விஷயம். ஏற்றுமதியாளரின் விலை டொலரோடு ஏறுகிறது. டீசலுக்கு விலைச் சூத்திரம் வைத்து மாதாமாதம் மாற்றுகிறார்கள். மின்கட்டணத்தைத் திருத்துகிறார்கள். சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஏற்பாட்டில் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் சூத்திரம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்கு மட்டும் தேர்தலும் வரவு செலவுத் திட்டமும்தான் சூத்திரம்.

சம்பளத்தை விலையோடு இணைப்பதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் தேயிலை விலைக்கான கொடுப்பனவு என்று 30 ரூபா இருந்தது. 2019இல் அது 50 ரூபா. சிறிய தொகைதான். ஆனாலும் விற்கும் விலையில் உழைக்கிறவருக்கும் பங்குண்டு என்பதை கம்பனிகள் எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தன. 2021இல் ஆயிரம் ரூபா வந்தபோது அந்தக் கொடுப்பனவு போயிற்று, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைவிட்டே விலகின. அந்தக் கொடுப்பனவின் இழப்பைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இத்தனை ரூபா வேண்டும் என்று ஒரு தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அரசு வெளியிடும் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணையும் டொலர் வீதத்தையும் கொழும்பு ஏலவிலையையும் வைத்துத் தானாகத் திருத்தப்படும் சம்பளம் வேண்டும் என்று கேளுங்கள். இறங்கும்போது குறையாது, ஏறும்போது ஏறும் என்ற வாசகத்தோடு கேளுங்கள். சம்பளச் சபையில் அதை எழுத்தில் வையுங்கள். உங்களில் நாடாளுமன்றத்தில் இருக்கிறவர்கள், எண்ணெய்க்குத் தேயிலை உடன்பாட்டின் கணக்கை முழுதாகச் சபையில் வைக்கும்படி கேளுங்கள்: அனுப்பிய கிலோ, விலை, வாங்கியவர், மிச்சக் கடன். இனி அப்படி எந்த உடன்பாடு வந்தாலும் தொழிலாளர் பிரதிநிதி இல்லாமல் கையெழுத்து வைக்கக்கூடாது என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் கையிலேயே இருப்பது. பேராதனையிலும் கொழும்பிலும் பொருளியல் படித்துவிட்டு நம் பிள்ளைகள் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். சந்தாப் பணத்தில் அவர்களில் இரண்டு பேரையாவது உட்கார வையுங்கள். மாதம் ஒரு தாள், தமிழில்: இந்த மாத ஏலவிலை, டொலர், டீசல், கோதுமை மா, ஒரு பேரின் உண்மைப் பெறுமதி. பிரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் கோயில் சுவரிலும் ஒட்டுங்கள். எல்லாச் சங்கமும் சேர்ந்து ஒரே தாளாகப் போடுங்கள். இதிலாவது கொடி நிறம் பார்க்காதீர்கள். ஏன் சம்பளம் பற்றவில்லை என்று தெரிந்த தொழிலாளியை யாரும் 50 ரூபாவைக் காட்டிப் பிரிக்க முடியாது.

அடுத்த பேச்சுக்குத் திகதி குறிக்கப்படுவதற்கு முன்னால் தானாகத் திருத்தப்படும் சம்பளம் என்ற வாசகத்தை உங்கள் கோரிக்கைப் பத்திரத்தில் சேர்த்துவிட்டோம் என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். எந்தச் சங்கம் சேர்த்தது, எது சேர்க்கவில்லை என்று பார்த்துத்தான் இனிச் சந்தாப் படிவத்தில் கையெழுத்து வைக்கும்படி எங்கள் தோட்டத்து அம்மாமாரிடம் நான் சொல்லப் போகிறேன்.